பார்த்தவர் கையெழுத்து

நம் கால்பந்து லீக்கில் எந்த டீம் யாரை எடுத்தது என்ற இந்த வருடத்து எடுப்புப் பட்டியல் போன ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃபோனுக்கு வந்தது. நம் டீமுக்கு நான்கு பேர். ஒவ்வொரு பெயருக்கும் கீழே ஒரு நிமிஷ வீடியோ, பின்னணியில் காது கிழியும் மேளம். உயரம், எடை, எந்தக் கால் ஆட்டக்காரன் என்பதெல்லாம் இருக்கிறது. கடைசிக் கட்டம் மட்டும் இல்லை. 'பார்த்தவர்' என்று போட்டு ஒரு கையெழுத்துக்கு இடம் விட்டிருப்பார்களே, அந்தக் கட்டத்தை இந்த வருடம் தூக்கிவிட்டார்கள். எல்லாரும்தான் வீடியோவில் பார்த்துக்கொள்ளலாமே என்கிறார்கள். நான் அந்தப் பட்டியலை மேலும் கீழும் தள்ளித் தள்ளித் தேடினேன். எனக்கு அது இல்லாமல் போனதில் சந்தோஷமா, வருத்தமா என்று இன்னும் பிடிபடவில்லை.

நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. உனக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். உயிரோடு இருந்தபோது சொல்லாததை இப்போது எழுதி என்ன ஆகப்போகிறது என்று கேட்பாய். ஒன்றும் ஆகாது. ஆனாலும் எழுதுகிறேன்.

நாம் இரண்டு பேரும் பந்தை உதைத்தது குறைவு. பள்ளிக்கூடத்தில் உன்னைக் கோல்கீப்பராக நிறுத்தி இரண்டே ஆட்டத்தில் தூக்கிவிட்டார்கள். என்னை நிறுத்தவே இல்லை. பேசியதுதான் நாம் ஆடிய ஆட்டம். காரைக்குடியில் உன் மூக்குக்கண்ணாடிக்கடை, இரண்டு தெரு தள்ளி என் ஆபீஸ், வீடு இருவருக்கும் கோட்டையூர். சாயங்கால டவுன் பஸ்ஸில் ஏறினால் யாரை எடுக்கலாம், யாரை விட்டிருக்கக் கூடாது என்று ஆரம்பித்துவிடுவோம். ஒரு தடவை கண்டக்டர் வந்து, "எறங்குற எடம் தாண்டிப் போச்சு, இன்னமும் பேக்கா ஃபார்வர்டான்னு முடிவு பண்ணலையா?" என்று கேட்டார். திரும்பி நடந்து வரும்போதும் அதைத்தான் பேசினோம்.

உன் கட்சி எப்போதும் ஒன்றுதான். ஆளை வளர்த்து எடுக்க வேண்டும். "பதினெட்டு வயசுக்காரனைக் கொண்டாந்து மூணு வருசம் பொறுமையா வச்சிரு மாப்ளே. நாலாவது வருசம் அவன் டீமைத் தூக்கிட்டுப் போவான்" என்பாய். "நாலாவது வருசம் நாம இருக்கணும்ல" என்பேன் நான். எனக்கு இந்த வருடமே கோல் விழ வேண்டும், இந்த வருடமே கோப்பை வேண்டும். நம் ஊர்ப்பக்கத்துக் கோடை லீக்கில் எட்டு டீம். போன வருடம் கடைசியாக வந்த டீம் புது ஆட்டக்காரர்களில் முதல் ஆளை எடுக்கலாம், அதற்கு மேலே வந்த டீம் அடுத்த ஆளை எடுக்கலாம். இதற்கு எடுப்பு என்று பெயர் வைத்தது யாரோ, அதில் ஒரு ஒழுங்கைக் கொண்டுவந்தது நீ. முப்பது தாண்டிய ஒருத்தனை மீசையை வழித்து, இருபது வயது என்று ஒரு டீம் கொண்டுவந்து நிறுத்திய கூத்துக்குப் பிறகு, கூட்டத்தில் எழுந்து நீதான் சொன்னாய்: எடுக்கிற ஆளை டீமிலிருந்து ஒருத்தர் முழு ஆட்டம் கண்ணால் பார்த்திருக்க வேண்டும், பார்த்தவர் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். எட்டு டீமும் ஒத்துக்கொண்டது. அந்தக் கட்டம் உன் கட்டம்.

ஏழு வருடத்துக்கு முன்னால், நாம் ஆள் பார்த்துக் கொடுத்துவந்த கோட்டையூர் டீம் கடைசியாக வந்தது. முதல் எடுப்பு நமக்கு. நீ பள்ளத்தூர் ஜோசப்பை ஐந்து தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாய். தடுப்பாட்டக்காரன், கொஞ்சம் மந்தம், ஆளைப் பார்த்தால் பேசக்கூட மாட்டான். எனக்குப் பிடிக்கவில்லை. ஊர் முழுக்கக் கீழச்சிவல்பட்டி சரவணனைப் பற்றித்தான் பேச்சு. ஃபார்வர்டு, இடதுகால், அடித்தால் வலை கிழியும் என்றார்கள். டீம் செயலாளர் நம் இருவரையும் அந்த ஞாயிறு அவன் ஆட்டத்தைப் பார்த்துவரச் சொன்னார். உன் மச்சினிச்சி மகளுக்கு அன்றைக்குச் சர்ச்சில் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். "நான் கோயிலுக்குப் போகணும். நீ போயிட்டு வா. முழுசா உக்காந்து பாரு. பந்து இல்லாதப்ப என்ன பண்றான்னு பாரு. பந்து வந்தா நாயும்தான் ஓடும்" என்று சொல்லி அனுப்பினாய்.

நான் போகவில்லை.

திருப்பத்தூர் வரை போனேன். இரண்டு மணி வெயில். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்க் கடையில் பரோட்டா சாப்பிட உட்கார்ந்தேன். கடைக்குள் மின்விசிறி நன்றாகச் சுற்றியது. கீழச்சிவல்பட்டி பஸ் கண் முன்னால் கிளம்பிப் போனது, அடுத்ததில் போகலாம் என்றிருந்தேன். அடுத்ததையும் விட்டேன். காரணம் என்று ஒன்றும் இல்லை. சோம்பேறித்தனம்தான். இரண்டு மணி நேரம் கழித்து அங்கிருந்து வந்த பஸ்ஸிலிருந்து தெரிந்தவன் ஒருத்தன் இறங்கினான். ஆட்டம் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னான். "சரவணன் எப்படி?" என்று கேட்டேன். "மூணு கோலுண்ணே. மூணும் இடதுகால். பேயா ஆடுறான்" என்றான். எனக்கு அது போதுமாக இருந்தது. அவன் ஏன் இவ்வளவு சீக்கிரம் திரும்பிவிட்டான் என்று கேட்கத் தோன்றவில்லை. பஸ்ஸுக்காக அவன் பாதி ஆட்டத்திலேயே கிளம்பியவன். இது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் உன் கடையில் வந்து உட்கார்ந்து, மூன்று கோலையும் நானே வலைக்குப் பின்னால் நின்று பார்த்ததுபோல் சொன்னேன். நீ கண்ணாடி ஒன்றுக்குத் திருகு முடுக்கிக்கொண்டே கேட்டாய். எல்லாம் கேட்டுவிட்டு, "பந்து இல்லாதப்ப என்ன பண்ணான்?" என்றாய்.

"நிக்கவே மாட்டேங்கிறான் மாப்ளே. ஓடிக்கிட்டே இருக்கான்" என்றேன்.

எடுப்பன்று மண்டபத்தில் எட்டு டீமும் உட்கார்ந்திருந்தது. பின்னால் ரசிகர்கள் நின்றுகொண்டு ஆளுக்கொரு பெயரைக் கத்தினார்கள். செயலாளர், "ஜோசப்பா, சரவணனா? சட்டுனு சொல்லுங்க" என்று நம்மைப் பார்த்தார். நீ என்னைப் பார்த்தாய். ஐந்து தடவை பஸ் ஏறிப் போய்ப் பார்த்த ஆளை விட்டுவிட்டு, "இவன் பாத்துட்டு வந்திருக்கான். சரவணனையே எடுப்போம்" என்றாய். பின்னால் விசில் பறந்தது. அடுத்த டீம் யோசிக்கவே இல்லை, ஜோசப்பை எடுத்துக்கொண்டது.

தாள் என்னிடம் வந்தது. பேனாவைக் கையில் வாங்கினேன். அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் கை நகரவில்லை. ஃபோன் அடிக்கிறது என்று ஒரு பொய் சொல்லிவிட்டு வெளியே போய், அடிக்காத ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்தபோது கட்டத்தில் உன் கையெழுத்து இருந்தது. "நீ பாத்தா நான் பாத்த மாதிரிதானே? அங்குட்டு நின்னு அரை மணி நேரமாப் பேசிக்கிட்டிருந்தா அவுக எம்புட்டு நேரம் காத்திருப்பாக?" என்று திட்டினாய். எனக்கு நிம்மதியாக இருந்தது. மற்றதையெல்லாம் ஏதாவது சமாதானம் சொல்லித் தாண்டிவிடலாம், அந்த நிம்மதியை மட்டும் என்னால் தாண்ட முடியவில்லை.

முதல் ஆட்டத்தில் பதினோராவது நிமிஷம். சரவணன் பக்கத்தில் ஒருத்தரும் இல்லை. திரும்பினான், உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவன் கத்திய கத்தல் மைதானத்துக்கு வெளியே டீக்கடை வரை கேட்டது. நீதான் மதுரைக்குக் கூட்டிப் போனாய். அங்கே டாக்டர், இது இன்றைக்குக் கிழிந்தது இல்லை, ஏற்கெனவே கிழிந்த காலோடு ஆடியிருக்கிறான் என்று சொல்லிவிட்டார். எடுத்துவிட்டால் பெரிய டீம்களின் கண்ணில் படலாம், ஆட்டத்தை வைத்து ஒரு வேலை கிடைக்கும் என்று வலியை மறைத்திருக்கிறான். ஆபரேஷனுக்குப் பிறகு அவன் நொண்டாமல் நடந்ததை நான் பார்த்ததில்லை.

செய்தி கோட்டையூருக்கு வந்ததும் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான். உடைந்த காலை எடுத்திருக்கிறார்களே, பார்த்தவர் யார்? செயலாளர் தாளை எடுத்துப் படித்தார். நீ, "நான்தான்" என்றாய். நான் உனக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தேன். என்னை நீ காட்டிக் கொடுக்கவில்லை. நானாகவும் வாயைத் திறக்கவில்லை.

அப்புறம் நடந்ததற்கு அளவே இல்லை. கண்ணாடிக்கடை வைத்திருக்கிறவருக்கே கண் தெரியவில்லை என்று ஒருத்தன் ஆரம்பித்தான். ஜோசப் அந்த டீமுக்குக் கோப்பை மேல் கோப்பையாக வாங்கிக் கொடுக்க, பேச்சு கூடிக்கொண்டே போனது. தப்பான ஆளை எந்த டீம் எடுத்தாலும் அதற்குப் பெயர் 'கண்ணாடிக்கடை எடுப்பு' என்றாயிற்று. நீ மைதானத்துக்குள் நுழைந்தால் விரலை நீட்டி, "அண்ணே, இது எத்தனை வெரலு?" என்று கேட்பார்கள். நீ சிரித்துக்கொண்டே எண்ணிச் சொல்வாய். ஒரு நாள், கூட்டம் சிரித்த சிரிப்பில் நானும் இரண்டு விரலை நீட்டினேன். "ரெண்டு" என்று சொல்லிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். உன் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

எடுப்புக்கு உன்னைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். நீ ஆட்டம் பார்க்கப் போவதை நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் ஏதாவது ஒரு ஊரில் வெயிலில் நின்றாய். யாரை எடுக்கலாம், எத்தனை மாதம் எப்படிப் பழக்கலாம் என்பதையெல்லாம் என்னிடம் சொல்லி, "எம் பேரைச் சொல்லாத, எடுக்க மாட்டாக" என்று அனுப்பிவைத்தாய். அந்தப் பெயர்களை நான் மண்டபத்தில் போய்ச் சொன்னேன். ஒவ்வொருத்தனும் மூன்றாம் வருடம், நாலாம் வருடம் ஆளாகி நின்றான். நம் டீம் இரண்டு தடவை கோப்பை வாங்கியது. எனக்கு நல்ல கண் என்று ஊரில் பெயராகிவிட்டது. அதையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

நடுவில் ஒரு நாள் உன் கடையில், கண்ணாடி துடைக்கும் துணியை மடித்தபடி, சம்பந்தமே இல்லாமல் கேட்டாய்: "அன்னைக்குக் கீழச்சிவல்பட்டில மழை கிழை பெஞ்சுச்சா மாப்ளே?"

"மழையா? வெயிலு கொளுத்துச்சு" என்றேன்.

"ஆமாமா, அந்த மாசத்துல எங்குட்டு மழை" என்று சொல்லிவிட்டு, டீ வாங்கிவரப் போனாய். நான் வாங்குகிறேன் என்று எழுந்தவனை உட்காரச் சொன்னாய். வரக் கொஞ்சம் நேரமாயிற்று. வந்து பள்ளத்தூரில் ஒரு புதுக் கோல்கீப்பரைப் பார்த்த கதையைப் பேச ஆரம்பித்தாய்.

அப்புறம் உனக்குச் சிறுநீரகம் கெட்டது. வாரத்துக்கு மூன்று நாள் சிவகங்கைக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வந்தாய். குழாய் மாட்டிய கையோடு இன்னொரு கையால் ஃபோன் போட்டு, "என்ன ஸ்கோரு?" என்று கேட்பாய். கடைசி மாதத்தில் கால் வீங்கி, முகம் கறுத்து, தண்ணீரைக்கூட அளந்து குடித்துக் கிடந்தாய். ஒரு நாள் உன் கட்டிலோரம் உட்கார்ந்து, "மாப்ளே, அந்தச் சரவணன் விசயம்" என்று ஆரம்பித்தேன். நீ கையை அசைத்தாய். "அந்தக் கோல்கீப்பரை ரெண்டு வருசம் உக்கார வைக்கச் சொல்லு. அவசரப்பட்டு எறக்கிறாதீக" என்றாய். சரி என்றேன். சொல்லாமல் தப்பித்ததில் அன்றைக்கும் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. அடுத்த வாரம் நீ இல்லை.

அடக்கத்துக்குச் சரவணன் வந்திருந்தான். இப்போது பெட்ரோல் பங்கில் வேலை பார்க்கிறான். கல்லறைத் தோட்டம் வரைக்கும் நொண்டிக்கொண்டே கூட வந்தான். மண் போட்டுத் திரும்பும்போது என் பக்கத்தில் நடந்தபடி சொன்னான்: "மதுரை ஆஸ்பத்திரில எங்கூட ராத்திரி பகலா இருந்தது அவருதாண்ணே. அவருகிட்ட மட்டுந்தான் நான் உண்மையச் சொன்னேன். கால் போனது அந்தக் கீழச்சிவல்பட்டி ஆட்டத்துலதான். ரெண்டாவது பாதில திடீர்னு மழை புடிச்சிருச்சு. வழுக்கி விழுந்தேன். ரெண்டு பேரு தூக்கிட்டுப் போயி வேப்பமரத்தடில படுக்க வச்சாக. ஆட்டம் முடியிற வரைக்கும் அங்கனதான் கெடந்தேன், கேட்டவுககிட்ட சுளுக்குன்னு சொல்லிச் சமாளிச்சேன். அதைக் கேட்டுட்டு மறுபடியும் ஒரு தடவ சொல்லச் சொன்னாருண்ணே. அப்பறம், மழை பெஞ்சதை யாருகிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காதன்னு சொன்னாரு. ஏன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல."

எனக்குத் தெரிந்தது. பந்து இல்லாதபோது அவன் வேப்பமரத்தடியில் கிடந்தான். அவன் ஓடிக்கொண்டே இருந்தான் என்று நான் உன்னிடம் சொல்லியிருந்தேன். மழை பெய்ததா என்று நீ கேட்டது ஒரே ஒரு தடவை. அன்றைக்கு நான் உண்மையைச் சொல்லியிருந்தால் நீ என்னைத் திட்டியிருப்பாய், ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பாய், அப்புறம் பஸ்ஸில் பக்கத்தில் இடம் போட்டிருப்பாய். நான் சொல்லவில்லை. நீ எல்லாம் தெரிந்தே அத்தனை வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்து, அத்தனை பேர் நீட்டிய விரலையும் எண்ணியிருக்கிறாய். எப்படி முடிந்தது உன்னால்? என்னை அடித்திருக்கலாமே?

பட்டியல் வந்த அன்று சாயங்காலம் மைதானத்து டீக்கடைக்குப் போனேன். வழக்கம்போலச் சண்டை. மூன்றாவதாக எடுத்த ஆளின் வீடியோவைக் காட்டி ஒருத்தன், "இது பக்கா கண்ணாடிக்கடை எடுப்பு" என்றான். என்னால் அதற்கு மேல் முடியவில்லை. பேச்சை நிறுத்தச் சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். பரோட்டா, மின்விசிறி, பாதியில் வந்தவன், அடிக்காத ஃபோன், எதையும் விடவில்லை. கோப்பை வாங்கித் தந்த ஆட்டக்காரர்கள் எல்லாரும் நீ பார்த்துச் சொன்னவர்கள் என்றும் சொன்னேன். அடிக்க வருவார்கள் என்று நினைத்தேன். வந்தால் வாங்கிக்கொள்வது என்றுதான் போயிருந்தேன்.

அப்புறம் பழைய ரசிகன் ஒருத்தன் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். "போதும்ண்ணே. அவரு மேல நீங்க வச்சிருந்த பாசம் ஊருக்கே தெரியும். அதுக்காகச் செத்தவரு பழிய நீங்க தூக்கிச் சொமக்கணுமா?"

"சத்தியமா நான் போகலப்பா."

"நீங்க போகாம இருப்பீகளா? நீங்க எடுத்துக் குடுத்த ஆளு ஒவ்வொருத்தனும் தங்கம். உங்க கண்ணு எங்களுக்குத் தெரியாதா?" என்றான். விரல் நீட்டியவர்களில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "இப்புடி ஒரு சிநேகிதன் கெடைக்க அந்த மனுசன் குடுத்து வச்சிருக்கணும்" என்றான் இன்னொருத்தன். எனக்கு ஒரு டீ சொன்னார்கள். உன் பழியை இறக்கப் போனவன், இன்னொரு நல்ல பெயரையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

நான் போகவில்லை என்பதை நம்பக்கூடிய ஆள் சரவணன் ஒருத்தன்தான் இருக்கிறான். சாட்சி கேட்க மாட்டான். மழை பெய்தது எனக்குத் தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மீதியை அவனே கூட்டிக்கொள்வான். அன்றைக்கு நான் போயிருந்தால் அவனை நாம் எடுத்திருக்க மாட்டோம், ஒரு வருடம் காலுக்கு ஓய்வு கொடுத்திருப்பான், இன்றைக்கு ஜோசப் சென்னையில் ஆட்டத்தால் வந்த வேலையில் இருப்பதுபோல் அவனும் எங்காவது இருந்திருப்பான். இதை அவனிடம்தான் சொல்ல வேண்டும். அதற்காக இந்த நான்கு நாளில் மூன்று தடவை வண்டியை எடுத்துக்கொண்டு அந்தப் பெட்ரோல் பங்குக்குப் போய்விட்டேன். முதல் நாள் வெயிலைப் பற்றிப் பேசினோம். மறுநாள் அவன் மகள் நன்றாக ஓடுகிறாளாம், அதைப் பற்றிப் பேசினோம். நேற்று குழாயை மாட்டினான், உடனே எடுத்துவிட்டான். குனிந்து பார்த்துவிட்டு, "டேங்க் நெறஞ்சுதானண்ணே இருக்கு. எதுக்கு வந்தீக?" என்று கேட்டான்.

அவன் வலது காலை நீட்டி, இடது காலில் பாரம் போட்டு நின்றான்.

"சும்மாதான்ப்பா" என்றேன்.